இன்னொருவன் படுத்த பள்ளம்

நவம்பர் 12, செவ்வாய்

டாக்டர் சொன்னது இவ்வளவுதான். நில்லுங்க, நடங்க, படுங்க. உட்காராதீங்க.

முதுகெலும்பின் அடியில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறதாம். அதற்கு மட்டும் உட்கார அனுமதி.

உட்காராமல் நான் என்ன செய்வேன்? கல்லூரி முடித்த நாளிலிருந்து உட்கார்ந்துதானே பிழைக்கிறேன். இந்த பிஷ்கெக் நகரத்தில் பாதிப் பேர் காரில் உட்கார்ந்து பிழைக்கிறார்கள், மீதிப் பேர் என்னைப் போலக் கணினி முன்னால்.

எங்கள் குழுத் தலைவர் வலேரியிடம் போனில் சொன்னேன். "லீவு எடுத்துக்கோ புருல். ஆனா அந்த பஸ் டிக்கெட் புரோகிராம் வேலை புது வருஷத்துக்குள்ள முடிஞ்சாகணும். நீ இல்லேன்னா வேற ஆளப் போடுவாங்க. அது என் கையில இல்ல."

லீவு எடுக்கவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

காலையில் இஸ்திரிப் பலகையை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி அதில் லேப்டாப்பை வைத்து நின்றபடி எழுதினேன். கை பட்டாலே ஆடுகிறது. மதியத்துக்குள் இடது தொடையில் தீ.

பிறகு தரையில் மெத்தையை விரித்து முழங்காலிட்டேன். லேப்டாப் பெட்டகத்தின் மேல். டாக்ஸி சவாரி முடித்து வந்த தம்பி குபன் வாசலில் நின்று பார்த்தான்.

"அக்கா, மக்கா அந்தப் பக்கம் இல்ல. இந்தப் பக்கம்."

சிரித்தால் வலிக்கிறது. அவனுக்கு அது தெரியும்.

நவம்பர் 17, ஞாயிறு

குபன் சாப்பாட்டு மேசையின் அடிப்பக்கம் மானிட்டரைத் திருகி மாட்டினான். நான் கீழே படுத்து மேலே பார்த்தேன். "காருக்கு அடியில கிடக்கிற மெக்கானிக் மாதிரியே இருக்க." கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. திடீரென்று திருகு பிடுங்கிக்கொண்டு மானிட்டர் என் காதோரம் விழுந்தது. இன்னும் நாலு விரல் தள்ளி விழுந்திருந்தால் முகம் போயிருக்கும்.

குபன் திருகுகளைப் பொறுக்கி எடுத்தான். அப்புறம் சொன்னான், தெரிந்த வெல்டிங்காரர் ஒருவர் இதற்கென்றே ஒரு நாற்காலி பார்த்திருக்கிறாராம். படுத்தபடி கம்ப்யூட்டர் வேலை செய்கிற நாற்காலி. ஊர் ஓரம் அக்-ஓர்கோ பக்கம் ஒரு வீட்டில் சும்மா கிடக்கிறதாம்.

நவம்பர் 20, புதன்

போய்ப் பார்த்தோம்.

இரும்புச் சட்டம். அதன் மேல் ஏதோ ஜப்பான் காரிலிருந்து கழற்றிய இருக்கை, நன்றாகப் பின்னால் சாய்த்துப் பற்றவைத்தது. காலைத் தூக்கி வைக்க ரப்பர் சுற்றிய குழாய். தலைக்கு மேல் ஒரு கை நீண்டு வந்து திரையைப் பிடித்திருக்கிறது. கீபோர்ட் இரண்டாகப் பிரிந்து தொடைக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. செய்தவன் முட்டாள் இல்லை. ஒவ்வொரு மூட்டிலும் யோசித்திருக்கிறான். ஏறிப் படுத்தும் பார்த்தேன்.

வீட்டில் ஒரு அம்மா மட்டும். சாய்ரா என்று பெயர். தலையில் வெள்ளைத் துணி. அந்த அறைக்குள் அவர் வரவில்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார்.

"என் பையன் செஞ்சது. அவனும் உன்ன மாதிரிதான், கம்ப்யூட்டர். அவனுக்கும் முதுகு."

"இப்ப அவருக்கு வேண்டாமா?"

"இனிமே வேண்டாம்."

"வெளியூர் போயிட்டாரா?"

தலையசைத்தார். கொரியாவோ மாஸ்கோவோ என்று நினைத்துக்கொண்டேன். இங்கே எல்லார் வீட்டிலும் ஒரு பிள்ளை அப்படித்தானே இருக்கிறது.

விலை பேசவே இல்லை அவர். குபன் நீட்டியதை வாங்கிக்கொண்டு எண்ணாமல் பைக்குள் போட்டார். கிளம்பும்போது முகவரி கேட்டார். "வியாழக்கிழமை அந்தப் பக்கம் வந்தா ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறேன்."

நவம்பர் 24, ஞாயிறு

வலி இல்லை. வலியே இல்லை! முதுகைப் பிடித்திருந்த ஒரு கை கழன்று விழுந்தது போல.

இதைப் பென்சிலில் எழுதுகிறேன். மல்லாந்து படுத்தால் பேனாவில் மை இறங்குவதில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

இருக்கையில் ஒரு பள்ளம் இருக்கிறது. என்னைவிட உயரமான ஆள். தோள் பட்ட இடம் என் காதுக்குப் பக்கத்தில் வருகிறது. இடுப்பு பட்ட இடத்தில் என் இடுப்பு இல்லை. முதல் நாள் அதற்குள் சின்னப் பிள்ளை போலக் கிடந்தேன். இப்போது பழகிவிட்டது. பள்ளம் மாறவில்லை, நான்தான் அதற்குத் தகுந்தபடி படுத்துக்கொள்கிறேன்.

கீபோர்டில் சில எழுத்துகள் தேய்ந்து வெறும் வழவழப்பு. நான் அவ்வளவாக அடிக்காத எழுத்துகள்.

நவம்பர் 29, வெள்ளி

வீடியோவில் கூட்டம். கேமரா என் முகத்தை மேலிருந்து பார்க்கிறது. எல்லாரும் சிரித்தார்கள். வலேரி மட்டும் சிரிக்கவில்லை.

"புருல், கேமராவ அணைச்சுடேன். பொட்டிக்குள்ள வெச்ச ஆள எட்டிப் பாத்துப் பேசுற மாதிரி இருக்கு."

அணைத்துவிட்டேன். வேலை நன்றாக ஓடுகிறது. இந்த வேகத்தில் புது வருஷத்துக்கு முன்பே முடிந்துவிடும்.

டிசம்பர் 5, வியாழன்

சாய்ரா அம்மா வந்தார். கையில் மாவு, ஒரு பாட்டில் எண்ணெய்.

"உன் அடுப்புல கொஞ்சம் எண்ணெய் காய வெச்சுக்கட்டுமா மகளே?"

வியாழக்கிழமை எண்ணெய் காய வைப்பது எதற்கென்று எந்தக் கிர்கிஸ் பெண்ணுக்குத்தான் தெரியாது? செத்துப் போனவர்கள் அந்த வாசத்துக்கு வருவார்கள். அது அவர்களுக்குச் சாப்பாடு.

போய்விட்டான் என்றால் அப்படிப் போனான். நான் கொரியா என்று நினைத்தேன்.

மாவைச் சின்னத் துண்டுகளாக வெட்டிப் பொரித்தார். அறையெல்லாம் புகை. இரண்டு கையும் ஏந்தி ஓதினார். நான் நாற்காலியில் படுத்தபடியே கையை ஏந்தினேன். எழுந்திருக்கவும் முடியவில்லை, படுத்திருக்கவும் கூசியது.

"வீட்டுல செஞ்சா அவன் வர மாட்டான்னு தோணுது. அவன் இடம் இங்கதான இருக்கு."

பெயர் தாலந்த். மார்ச்சில் போயிருக்கிறான். எப்படி என்று கேட்டேன்.

"மூச்சு நின்னுபோச்சு."

எங்கே என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை நான்?

டிசம்பர் 6, வெள்ளி

குபனிடம் சொன்னேன். "செத்தவங்க சாமான் இல்லாத வீடு எதுக்கா இருக்கு? தாத்தா கோட்டத்தான நான் போட்டுட்டுத் திரியறேன்" என்றான். சரிதான். ஆனால் தாத்தாவின் கோட்டு என்னை இப்படித் தாங்கிப் பிடித்துக்கொள்வதில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

மதியம் தாண்டியதும் திரை தானாக இடப்பக்கம் திரும்புகிறது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். குபன் இறுக்கினான். மறுநாளும் திரும்பியது. அந்தப் பக்கம்தான் ஜன்னல். வேலைக்கு நடுவே ஓர் ஆள் வெளியே பார்க்கத் தலையைத் திருப்பினால் எவ்வளவு திரும்புமோ, அவ்வளவு.

பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை நான். அது ஸ்பிரிங். எழுதி வைக்கிறேன் — அது ஸ்பிரிங்.

டிசம்பர் 12, வியாழன்

சாய்ரா அம்மா மறுபடி வந்தார். பொரித்து முடித்துவிட்டு என் அருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான் ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன், பேசவில்லை. திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"இது யாரு உனக்குச் சொல்லிக்கொடுத்தா?"

"எது?"

"இப்படித் தட்டுறது. யோசிக்கறப்போ அவன் இப்படித்தான் தட்டுவான்."

என் இடது மோதிர விரல் கைப்பிடியைத் தட்டிக்கொண்டிருந்தது. எனக்கே தெரியாது. அப்புறம் பார்த்தேன், அந்த இடத்தில் ரெக்ஸின் தேய்ந்து சின்னக் குழி. விரல் தானாக அதில் போய் விழுகிறது. அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? இதற்கு முன்னால் நான் எங்கேயும் எதையும் தட்டியதில்லை.

அம்மா கையை விடவேயில்லை. ஒற்றைக் கையால்தான் வேலை செய்தேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

காலையில் படுத்தால் சாப்பாட்டுக்குக்கூட எழுவதில்லை. எழுந்தால் வலி. படுத்தால் இல்லை. குபன் கறி அடைத்த சம்சாவை நெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போகிறான்.

"எந்திரிச்சு ரெண்டு அடி நட அக்கா. ஆணி அடிச்ச மாதிரி கெடக்க."

"அப்புறம்."

இந்த "அப்புறம்" என் குரலா? சலிப்பும் அன்புமாக, அம்மாவிடம் சொல்கிற ஒரு மகனின் "அப்புறம்" மாதிரி இருந்தது. எனக்கு அம்மா இல்லை. யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை.

டிசம்பர் 21, சனி

இடது கெண்டைக்காலில் இழுப்பு. குளிர்தான் காரணம். ஜன்னல் ஓரம் காற்று வருகிறது.

டிசம்பர் 24, செவ்வாய்

இன்னும் இழுக்கிறது. காலை ஒரு ஆள் மெதுவாகப் பிடித்துக் கீழே இழுப்பது போல. கம்பளியைப் போட்டேன். டிக்கெட் வேலையில் கடைசிப் பகுதி மட்டும் பாக்கி.

டிசம்பர் 26, வியாழன்

இதை ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். இப்போதே எழுதிவிட வேண்டும்.

மதியம் அம்மா வந்தார். அடுப்பில் எண்ணெய் வைத்தார். காலில் வலி என்று குபனிடம் சொன்னேன். "சும்மா கெடந்து கெடந்து பிடிச்சுக்கிச்சு. இரு, ஆட்டுக் கொழுப்பு சூடு பண்ணித் தேய்ச்சு விடறேன்" என்று கம்பளியை விலக்கினான். காலுறையைக் கழற்றினான். ஒரு கால் ஒரு மாதிரி, மற்றது ஒரு மாதிரி. இடது கால் சிவந்து, பளபளவென்று, தூண் போல.

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தார். கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. ஓடி வந்து குபன் கையில் ஓங்கி அடித்தார்.

"தொடாத! தேய்க்காத, தொடாதடா!"

குபன் பயந்து பின்வாங்கிவிட்டான்.

"வண்டிய எடு. இப்பவே எடு. மகளே நீ அசையாத. நீயா நடக்காத. தூக்கிட்டுப் போகட்டும்."

என்ன என்ன என்று கேட்டேன். அவர் என் காலைப் பார்க்கவில்லை. அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், என் முழங்காலுக்குப் பின்னால் அழுத்துகிற ரப்பர் குழாயை.

"அவன் காலும் இப்படித்தான் இருந்துச்சு. வலிக்குதும்மான்னான். நான்தான் சூடா கொழுப்பு தேய்ச்சு விட்டேன். நல்லா அழுத்தி. நல்லாருக்கும்மான்னு சொன்னான். டீ போடப் போனேன். வந்து பாத்தா இதுலதான். கண்ணு அந்தத் திரைய பாத்துட்டே இருந்துச்சு."

எண்ணெய் கருகுகிற நாற்றம் வந்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை. அப்புறம் நானே சொன்னேன், அடுப்பு, அடுப்பு என்று.

டிசம்பர் 28, சனி

காலில் ரத்தம் கட்டியிருக்கிறது. ஊசி போட்டுக் கரைக்கிறார்கள். டாக்டர் பெண், சின்ன வயது. அசையாமல் கிடந்ததும் முழங்காலின் பின்னால் அழுத்தமும் சேர்ந்து வந்தது என்றாள். கட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போயிருந்தால்? அவள் சொல்லி முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை.

"யாராவது தேய்ச்சு விட்டாங்களா?"

"இல்ல."

"நல்லது."

ஜனவரி 4, சனி

அம்மா சூப் கொண்டு வந்தார். எனக்குக் கோபம் பொங்கிவிட்டது. எல்லாப் படுக்கைக்கும் கேட்கும்படி பேசினேன்.

"அதுலதான் போனார்னு ஏன் சொல்லல? தெரிஞ்சே எனக்குக் குடுத்தீங்களா?"

அவர் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"தூக்கிப் போட முடியல. வீட்டுல வெச்சுக்கவும் முடியல. நீ வந்து படுத்துப் பாத்த அன்னிக்கு, அது மறுபடி ஒரு உசுர வெச்சிருந்துச்சு. எனக்கு வாய் வரல. காலுக்கும் நாற்காலிக்கும் முடிச்சுப் போட எனக்குத் தெரியல மகளே. நான் தேய்ச்சதாலதான்னு நெனச்சுட்டு இருந்தேன். நான் மட்டுந்தான் காரணம்னு."

போங்க என்றேன். போய்விட்டார். பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனார். சூப்பைக் குபன் குடித்தான்.

ஜனவரி 12, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டேன். டிக்கெட் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வலேரி வருத்தப்பட்டார், எனக்குச் சின்ன வேலைகள் அனுப்புகிறார். பிழைத்ததே போதும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எல்லாரும் சொல்வதால் எனக்கும் அப்படித்தான் தோன்ற வேண்டும்.

சுவரில் குபன் பலகை ஒன்று அடித்துக் கொடுத்தான். முழங்கை உயரம். நிற்கிறேன், எழுதுகிறேன். கொஞ்ச நேரத்தில் சமையலறை வரை நடை. யோசிக்க வேண்டியதை நடந்தபடி யோசிக்கிறேன். தரை மெத்தையில் கொஞ்சம் குப்புறப் படுக்கிறேன். மறுபடி பலகை. ஒரே நிலையில் யாராலும் வாழ முடியாது போல.

நாற்காலி மூலையில் நிற்கிறது. என் முதுகுக்குப் பின்னால்.

ஜனவரி 19, ஞாயிறு

நான் படுத்திருந்தபோது அவன் பள்ளத்தில் நான் இருந்தேன். இப்போது பள்ளத்தில் யார் இருக்கிறார்கள்? திரும்பிப் பார்க்காமல் தட்டச்சு செய்கிறேன். நான் நிறுத்தினால் பின்னாலும் ஏதோ நின்றுபோகிறது.

குபன் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறான். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று அதை ஒரு வெள்ளைப் போர்வையால் மூடினேன். மூடிய பிறகு இன்னும் மோசம்.

பிப்ரவரி 3, திங்கள்

போர்வையை எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

எட்டு வாரமாக இந்த வீட்டில் எண்ணெய் காயவில்லை. இன்று பலகை முன்னால் நின்று வேலை செய்துகொண்டிருந்தேன். பின்னால் ஒருவர் பசியோடு காத்திருப்பது போல ஓர் உணர்வு. பயமாக இல்லை. வெட்கமாக இருந்தது. விருந்தாளியை வாசலில் நிற்க வைத்துவிட்டு நாம் மட்டும் சாப்பிடுகிற மாதிரி.

மாவு பிசைந்தேன். பொரித்தேன். அம்மாவுடையது போல உப்பவில்லை, தட்டையாக வந்தது. கையேந்தி, பெயர் சொல்லி ஓதினேன். நான் பார்த்தே இராத ஓர் ஆளுக்காக. பார்த்ததில்லை என்று எப்படிச் சொல்வது? அவன் தோள் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். எந்த எழுத்தை ஓங்கி அடிப்பான், எந்தப் பக்கம் திரும்பி வெளியே பார்ப்பான், எல்லாம் தெரியும்.

அவனுக்கு வந்த சாவு எனக்கும் வந்திருக்கலாம். டீ போடப் போன அந்த அம்மாவுக்குப் பதிலாகக் குபன்.

அவர் கத்தியிராவிட்டால் குபன் தேய்த்திருப்பான். அன்போடுதான் தேய்த்திருப்பான்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். பொரித்தேன் என்று மட்டும் சொன்னேன். பிறகு அவர் கேட்டார், "மாவுல உப்புப் போட்டியா?"

"மறந்துட்டேம்மா."

"அதான் உப்பல" என்றார். நான் உப்பவில்லை என்று சொல்லவேயில்லை.

மார்ச் 15, சனி

தாலந்த் போய் ஓராண்டு ஆனதற்கான விருந்து முடிந்து அம்மா இன்று வந்தார். நாற்காலியைக் கழற்றுவது என்று முடிவு. குபன் ஸ்பேனரோடு நின்றான்.

"கொஞ்சம் இரு" என்று அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறிப் படுத்தார். சின்ன உடம்பு. மகனின் பள்ளத்தில் பாதிகூட நிறையவில்லை. மேலே அணைந்து கிடந்த திரையைப் பார்த்தார்.

"இங்கேர்ந்து நாளெல்லாம் என்னதான் பாத்தான்?"

"எழுத்தும்மா. வெறும் எழுத்து."

"அது அவன்கிட்ட பேசுமா?"

யோசித்தேன். "சில நேரம் பேசும். சரியா எழுதிட்டா, நாம சொன்னத அது செய்யும். அப்ப சந்தோஷமா இருக்கும்."

"அவன் சந்தோஷமா இருந்தானா?"

"இவ்வளவு நல்லா ஒரு நாற்காலி செஞ்சவர் வேலையப் பிடிக்காம செஞ்சிருக்க மாட்டாரும்மா."

கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கிடந்தார். குபன் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டான். பிறகு அவரே இறங்கினார். "கழட்டு தம்பி."

முதல் போல்ட்டை அவர் கழற்றினார். இறுகிப் போயிருந்தது. நாங்கள் உதவவில்லை.

ஏப்ரல் 9, புதன்

மதியங்களில் அக்-ஓர்கோவுக்குப் போகிறேன். பஸ்ஸில் நின்றபடிதான். தாலந்தின் அறையில் ஜன்னல் திண்டு அகலமானது, நின்று வேலை செய்ய என் முழங்கைக்குச் சரியாக இருக்கிறது. வெளியே ஆப்பிள் மரம் பூக்கப் பார்க்கிறது. அம்மா இப்போது அறைக்குள் வருகிறார். தேநீரை வைத்துவிட்டு, "நடந்தியா?" என்று கேட்பார். நடந்தேன் என்றால் நம்ப மாட்டார். முற்றத்தைச் சுற்றி வரச் சொல்லி, கதவோரம் நின்று பார்ப்பார்.

குபன் கேலி செய்கிறான். "ஆபீஸ் மாத்திட்ட. மேலதிகாரி ரொம்பக் கண்டிப்பு."

ஏப்ரல் 24, வியாழன்

இன்று மதியம் நின்று ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். சமையலறையில் எண்ணெய் காய்ந்து அடங்கிய வாசம். பாத்திரங்கள் வைக்கிற சத்தம். அம்மா அங்கிருந்து கூப்பிட்டார், சாதாரணமாக, தினமும் கூப்பிடுகிற குரலில்.

"தாலந்த், வா. சூப் ஆறுது."

அப்புறம் சத்தமே இல்லை. கரண்டிகூட அசையவில்லை. அவர் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார் என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது.

"இதோ வரேம்மா" என்றேன்.

லேப்டாப்பை மூடிவிட்டுப் போனேன். சூப்பில் மிளகு அதிகம். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.